பெரிய ரூட்டர் ஒன்று வேண்டாம், சின்னது இரண்டு வாங்குங்கள்: கண்ணமங்கலம் மரவேலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



நீங்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து டவ்டெயில் வெட்டும் ஜிக் ஒன்றும், அதற்கென்று ஒரு ரூட்டரும் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கடைக்காரர், "எடுக்கிறதுதான் எடுக்கிறீங்க, பெருசா எடுத்துடுங்க, எல்லா வேலைக்கும் ஆகும்" என்று 12 மி.மீ. காலட் போட்ட ஆறு கிலோ இயந்திரத்தைக் காட்டியிருக்கிறாராம். வேலூரில் இந்தக் கருவிகளைப் பிரித்து மாட்டிப் பிழைக்கிறவன் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: டவ்டெயிலுக்காக அதை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் கை அடக்கமான இரண்டு ரூட்டர் வாங்குங்கள். ஒன்றில் டவ்டெயில் பிட்டை மாட்டி, ஆழம் சரிபார்த்து, அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றதில் நேர் பிட். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஏன் என்று சொல்லாமல் விட்டால் கடைக்காரர் பேச்சுதான் ஜெயிக்கும் என்பதால் மேலே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் வேலையில் டவ்டெயில் எங்கே வருகிறது? கதவு நிலைக்கு வராது, கட்டிலுக்கு வராது. அவை துளைபோட்டு நாக்கு சொருகும் வேலை. பிளைவுட் பெட்டி அடித்து இரும்புச் சேனல் மாட்டும் மாடுலர் டிராயருக்கும் இது தேவையே இல்லை. பிளைவுட்டின் குறுக்கு அடுக்கு பிட்டின் விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயரும். அதற்கு ஸ்க்ரூவும் பசையும் போதும். எம்.டி.எஃப். பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டவ்டெயிலுக்கு இடம் முழு மரத்தில் செய்யும் டிராயரும் பெட்டியும்தான். பட்டுக் கடையின் கல்லாப்பெட்டி, சரிகைக் கட்டுகளை வைத்துப் பூட்டும் இழுப்பறை, கல்யாணச் சீரில் வரும் தேக்கு பீரோ, ஐந்தறைப் பெட்டி, நகைப்பெட்டி. ஆரணிப் பட்டை நம்பி நிற்கும் ஊர்களில் இந்த வேலைகள் இன்னும் வருகின்றன. நல்ல விலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கல்லா டிராயரை ஒரு நாளைக்கு நூறு தடவை இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்பும் முகப்புப் பலகையைப் பக்கப் பலகையிலிருந்து பிய்க்கப் பார்க்கும். ஆணி வைத்தது ஒரு வருஷத்தில் ஆடும். வால் போல விரிந்த மூட்டு அந்தத் திசையில் வெளியே வர வழியே இல்லை.

பெரியவர்கள் இதை ரம்பமும் உளியும் கொட்டாப்புளியும் வைத்துக் கையால்தான் வெட்டினார்கள். இன்றைக்கும் ஒரே ஒரு டிராயர் என்றால் கைதான் வேகம். ஜிக்கை மேஜையில் இறுக்கி, ஆழம் வைத்து, கழிவு மரத்தில் வெட்டிப் பார்த்து, மறுபடி திருத்தி முடிப்பதற்குள் கைதேர்ந்தவர் நான்கு மூலையையும் வெட்டித் தட்டிவிடுவார். ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு டிராயர் சேர்ந்து வரும்போதுதான் ஜிக் காசுக்கு ஈடாகும். நீங்கள் கூட்டாக வாங்குவது சரி என்று நான் நினைப்பதும் இதனால்தான். தனி ஒரு பட்டறைக்கு அந்த அளவு டிராயர் வேலை மாதாமாதம் வராது.

இயந்திரம் கையை விரட்டிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் நாப் என்பவர் 1867-ல் டிராயர் மூட்டு வெட்டும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அது டவ்டெயில் வெட்டவில்லை. அரைவட்ட அரைவட்டமாகப் பல் வெட்டி, நடுவில் ஒரு முளை வைத்துப் பொருத்தியது. உறுதியில் குறையில்லை. முப்பது வருஷம் போல அந்த நாட்டு டிராயர்களில் அந்த மூட்டு புழங்கியது. பிறகு டவ்டெயிலையே வெட்டும் இயந்திரங்கள் வந்ததும் அது அடியோடு மறைந்துபோனது. வாங்குகிறவர்களுக்குக் கையால் வெட்டியது போன்ற மூட்டுதான் வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதேதான். ஜிக்கில் வெட்டிய மூட்டு எல்லாப் பல்லும் ஒரே அகலத்தில் வரிசையாக நிற்பதைப் பார்த்ததுமே, விவரம் தெரிந்த வாடிக்கையாளர் "மெஷின்ல வெட்டினதா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். கைவேலை கேட்டால் கைவேலை விலை சொல்லுங்கள்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன்.

நம் கடைகளில் கிடைக்கும் மலிவான ஜிக்குகளில் பெரும்பாலானவை முகப்பில் தெரியாத அரைமறைவு டவ்டெயிலுக்கானவை. முகப்புப் பலகையைப் படுக்கையாகவும் பக்கப் பலகையைச் செங்குத்தாகவும் ஒன்றாக மாட்டி, மேலே சீப்புத் தகட்டைப் போட்டு, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் வெட்டலாம். இந்த ஜிக்குகள் அமெரிக்க அங்குலக் கணக்கில் பிறந்தவை. நமக்கு அது நல்லதாகப் போயிற்று; நாமும் அங்குலமும் நூலும்தானே பேசுகிறோம். வழக்கமான பிட்டின் அகலம் 4 நூல், அதாவது அரை அங்குலம்; சாய்வு 14 டிகிரி. அதோடு போவது கைடு புஷ், பிட்டைச் சுற்றி அடித்தட்டில் நின்று சீப்பை ஒட்டி ஓடும் குழாய்; அதன் வெளி விட்டம் மூன்றரை நூல். பல்லுக்குப் பல் தூரம் பெரும்பாலும் 7 நூல். அதனால் டிராயரின் உயரத்தை ஏழு நூலின் மடங்காக வைத்துக்கொண்டால் மேலும் கீழும் அரைப் பல் சமமாக நிற்கும். 4 அங்குலம் 3 நூல் வைத்தால் ஐந்து பங்கு, ஐந்தேகால் அங்குலம் வைத்தால் ஆறு பங்கு. ஐந்து அங்குலம் என்று முழுசாக வைத்தால் ஒரு ஓரத்தில் அசிங்கமான துண்டுப் பல் விழும். டிராயரை வரையும்போதே பார்க்க வேண்டிய கணக்கு இது. வெட்ட நிற்கும்போது பார்த்துப் பயனில்லை.

இப்போது அந்த மூன்றரை நூல் புஷ்ஷைக் கவனியுங்கள். மூன்றரை நூல் என்றால் 11.1 மி.மீ. அது வெளி விட்டம். பித்தளைச் சுவரின் கனத்தைக் கழித்தால் உள்ளே ஒன்பது, ஒன்பதரைதான் மிஞ்சும். பெரிய ரூட்டரின் பெருமை எல்லாம் அது 12 அல்லது 12.7 மி.மீ. தண்டுள்ள பிட்டைப் பிடிக்கும் என்பதுதான். அந்தத் தண்டு இந்தப் புஷ்ஷுக்குள் நுழையவே நுழையாது! ஆக ஆறு கிலோ இயந்திரத்தை வாங்கி, அதன் காலட்டுக்குள் ஒரு ஸ்லீவைச் சொருகி, அதற்குள் 8 மி.மீ. அல்லது கால் அங்குலத் தண்டைத்தான் மாட்டப் போகிறீர்கள். ஸ்லீவ் என்பது நடுவில் நுழைந்த இன்னொரு ஆள். தண்டு மையத்திலிருந்து விலக இன்னொரு வாய்ப்பு.

தண்டு எது என்பதுதான் வாட்டைவிட முக்கியம். 4 நூல் அகலமும் 14 டிகிரி சாய்வும் உள்ள பிட்டில், வெட்டும் பகுதியும் 4 நூல் நீளம் என்றால், கழுத்து 6.4 மி.மீ.க்குக் குறுகிவிடும். கால் அங்குலத் தண்டு 6.35 மி.மீ. அதாவது கழுத்தும் தண்டும் ஒரே கனம். பிட் புஷ்ஷைத் தாண்டி, சீப்புத் தகட்டைத் தாண்டி, பிறகு மரத்துக்குள் இறங்குகிறது. அவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய தண்டு தேக்கின் கணுவில் மோதும்போது அதிரும். ஒடிந்த பிட் என்று என்னிடம் கொண்டுவருகிறவற்றில் முறிவு பெரும்பாலும் கழுத்தில் அல்லது காலட் விளிம்பை ஒட்டி இருக்கும். 8 மி.மீ. தண்டு புஷ்ஷுக்குள்ளும் போகும், விறைப்பாகவும் நிற்கும். வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறுவதால், 6.35-லிருந்து 8-க்குப் போனாலே விறைப்பு இரண்டரை மடங்காகிறது. ஆகவே 8 மி.மீ. காலட் உள்ள இயந்திரம், 8 மி.மீ. தண்டுள்ள கார்பைடு பிட். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு, வெறும் எச்.எஸ்.எஸ். பிட் சீக்கிரம் மழுங்கி மரத்தைக் கருக்கும்.

காலட் என்றதும் இன்னொரு வம்பு நினைவுக்கு வருகிறது. உங்களில் எல்லாரிடமும் சன்மைக்கா ஓரம் சீவும் டிரிம்மர் இருக்கும். சிலருடையது 6 மி.மீ., சிலருடையது கால் அங்குலம். பிட்டுகளோ ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் காலட்டில் போட்டு முறுக்கினால் பிடித்தது போலத்தான் இருக்கும். ஓடும்போது நழுவும். சன்மைக்கா சீவும்போது அது தெரியாது. டவ்டெயிலில் பிட் மெல்ல மரத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும். முதல் டிராயர் சரியாக உட்காரும், நான்காவது டிராயர் சுத்தியலால் அடித்தாலும் ஏறாது. கூட்டுக் கருவியில் இது கட்டாயம் நடக்கும், ஏனென்றால் ஆளாளுக்கு ஒரு டப்பா. எட்டு மட்டும்தான் என்று முடிவு செய்து, டவ்டெயில் பெட்டிக்குள் வேறு தண்டு எதையும் விடாதீர்கள்.

அடுத்தது ஆழம். மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. மூட்டு இறுக்கமா தளர்வா என்பதைத் தீர்மானிப்பது பிட் எவ்வளவு கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே. சீப்பின் இடைவெளி மாறாது, பிட்டின் அகலம் மாறாது. பிட்டைக் கீழே இறக்கினால் மரத்தின் மேற்பரப்பில் காடியின் வாய் குறுகும், மூட்டு இறுகும். மேலே ஏற்றினால் வாய் அகலும், மூட்டு தளரும். 14 டிகிரியில் ஆழம் ஒரு மி.மீ. மாறினால் பொருத்தம் அரை மி.மீ. மாறும். நல்ல மூட்டுக்கும் ஆடும் மூட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதில் கால்வாசிகூட இல்லை. பக்கப் பலகை முகப்போடு மட்டமாக உட்காரவில்லை, உள்ளே போகிறது அல்லது வெளியே நீட்டுகிறது என்றால் அது ஆழத்தின் குற்றமல்ல. சீப்புத் தகட்டை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகுகிறவர்கள் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார்கள். முதலில் இறுக்கத்தை முடியுங்கள், பிறகு மட்டத்துக்குப் போங்கள்.

இப்படிக் கழிவு மரத்தில் வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த ஆழத்தை, "கொஞ்சம் டிராயர் அடிப்பலகைக்குக் காடி எடுத்துக்கிறேன்" என்று ஒருவர் பிட்டைக் கழற்றிக் கலைத்துவிட்டால்? அதற்காகத்தான் இரண்டு இயந்திரம் என்கிறேன். டிராயர் செய்யும்போது அடிப்பலகைக் காடிக்கு எப்படியும் நேர் பிட் வேண்டும். நாளைக்கு நீங்கள் இருபுறமும் தெரியும் முழு டவ்டெயில் ஜிக்குக்குப் போனால், வாலுக்கு டவ்டெயில் பிட்டும் பல்லுக்கு நேர் பிட்டும் மாறி மாறித் தேவைப்படும். ஒரே இயந்திரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிச் சரியாக வெட்டினேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இந்த ஆழப் பிரச்சினையால்தான் மேலைநாட்டில் இந்த வேலைக்கு அழுத்தி இறக்கும் பிளஞ்ச் ரூட்டரைவிட, அடித்தட்டில் மோட்டாரை இறுக்கி நிறுத்தும் ஃபிக்ஸட் பேஸ் ரூட்டரை விரும்புகிறார்கள். ரூட்டர் பிறந்ததே அப்படித்தான். நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகரத்து கார்ட்டர் கம்பெனி விற்ற கைரூட்டர்களும், 1929-ல் அந்தத் தொழிலை வாங்கிய ஸ்டான்லி விற்றவையும் இறக்கி ஏற்றும் வில் எதுவும் இல்லாதவை. பிளஞ்ச் பிற்பாடு ஜெர்மனியில் எலு கம்பெனியிலிருந்து வந்தது. நம் கடைகளில் இப்போது நிலைமை தலைகீழ். பெரிது என்றால் பிளஞ்ச், சின்னது என்றால் டிரிம்மர். நடுத்தர ஃபிக்ஸட் பேஸ் அலமாரியில் இருப்பது அபூர்வம். இருப்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயர் சொல்லியே பேசலாம். மக்கிட்டாவின் 3709 டிரிம்மர், 530 வாட், நிமிஷத்துக்கு 30,000 சுற்று என்று ஒரே வேகம். சன்மைக்காவுக்கு நல்ல கருவி. டவ்டெயிலுக்கு அடித்தட்டும் சிறிது, காலட்டும் சிறிது, விட்டுவிடுங்கள். அதே கம்பெனியின் ஆர்.டி. 0700 சி, 710 வாட், 10,000 முதல் 30,000 வரை வேகம் மாற்றலாம், எடை இரண்டு கிலோவுக்குள். மோட்டாரைக் கழற்றி வேறு வேறு அடித்தட்டில் மாட்டலாம் என்பது இதன் சிறப்பு. ஃபிக்ஸட் பேஸிலேயே நிற்கும். 8 மி.மீ. காலட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம். பாஷ் ஜி.ஓ.எஃப். 130, 1,300 வாட், 11,000 முதல் 28,000 வரை, மூன்றரை கிலோ, பிளஞ்ச்; 8 மி.மீ. பிட்டுக்கான இயந்திரம். கடைக்காரர் காட்டிய வகை, உதாரணமாக மக்கிட்டா ஆர்.பி. 1800, 1,850 வாட், 22,000 சுற்று, 12 மி.மீ. காலட், ஆறு கிலோ. அது குறையுள்ள இயந்திரம் என்று நான் சொல்லவில்லை. மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டிக் கதவுப் பலகைக்கு அச்சு ஓட்ட அதைவிட நல்லது வேண்டாம். ஜிக்கின் மேல் அதற்கு வேலை இல்லை.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிக்கின் மேல் ரூட்டர் நகரும்போது அடித்தட்டில் பாதி சீப்பின் மேல் இருக்கும், மீதிப் பாதி உங்கள் வயிற்றுப் பக்கம் காற்றில் தொங்கும். உயரமான ஆறு கிலோ இயந்திரம் முன்பக்கம் சாயவே பார்க்கும். ஒரு நொடி சாய்ந்தால் போதும், பல்லின் சுவரில் பள்ளம் விழும். மூன்று மணி நேர வேலையில் கடைசி அரைமணியில்தான் கை தளரும். கடைசி டிராயர்தான் கெடும். அதனால் தாழ்வாக, லேசாக, அகன்ற அடித்தட்டோடு இருப்பதே இங்கே நல்ல குணம். சக்தி போதுமா என்று கேட்பீர்கள். அரை அங்குல பிட்டுக்கு ஆயிரம் வாட் தாராளம். 710 வாட்டும் நிதானமாகத் தள்ளினால் தேக்கை வெட்டும்; வாகை, கருவேலம் என்று போனால் திணறும். வேகம் மாற்றும் வசதி இந்த ஒரு வேலைக்கு அவசியமில்லை, 22,000-ஐ ஒட்டி வைத்துவிடலாம். ஆனால் மெதுவாகக் கிளம்பும் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் நல்லது. சுவிட்சைத் தட்டியதும் இயந்திரம் கையில் வெட்டென்று திரும்பினால், பிட் பக்கத்துப் பல்லைக் கடித்துவிடும்.

எனவே என் தேர்வு: டவ்டெயில் பிட்டுக்கு 1,000 முதல் 1,300 வாட்டுக்குள் 8 மி.மீ. காலட் உள்ளது ஒன்று. பிளஞ்ச் என்றால் ஆழத்தை வைத்து, பூட்டைப் போட்டு, நிறுத்துக் கம்பியையும் முட்டவிட்டுப் பிறகு மறந்துவிடுங்கள். நேர் பிட்டுக்கும் காடிக்கும் 700 வாட் வகை ஒன்று. பணம் குறைந்தால் இரண்டாவதில் குறையுங்கள், முதலாவதில் வேண்டாம்.

கடையில் எதைப் பார்ப்பது? பெரும்பாலும் சத்தத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். அதை விடுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, நேரான 8 மி.மீ. தண்டு ஒன்றைக் காலட்டில் இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள்; நுனி ஆடக்கூடாது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் பேரிங்கில் தளர்வு தெரியக்கூடாது. பிறகு கைடு புஷ்ஷை மாட்டச் சொல்லுங்கள். எல்லா ரூட்டருக்கும் எல்லாப் புஷ்ஷும் பொருந்தாது. ஜிக்கோடு வந்த புஷ் உங்கள் அடித்தட்டில் உட்காராமல் போனால் ஜிக் வெறும் இரும்பு. புஷ்ஷுக்குள் தண்டு நட்டநடுவில் நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் அடித்தட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவரலாம். சில இயந்திரங்களில் அதற்கு இடமே இருக்காது. அப்படிப்பட்டதை வாங்க நேர்ந்தால், கைப்பிடியில் ஒரு குறி போட்டு, அந்தக் குறி எப்போதும் உங்கள் பக்கமே இருக்குமாறு பிடித்து வெட்டுங்கள். ரூட்டரைத் திருப்பாதவரை விலகல் எல்லாப் பல்லிலும் ஒரே பக்கம் விழும். பொருத்தத்தில் பெருமளவு மறைந்துவிடும்.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்தால் பரவாயில்லை, மின்சாரம் ஒத்துப்போகும். ப்ளக் மட்டும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவது 120 வோல்ட். நம் 230-ல் செருகினால் ஆர்மேச்சர் அங்கேயே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். கார்பன் பிரஷ் தேடி அலையும்போது என் ஞாபகம் வரும். உதிரிபாகம் வேலூரில் கிடைக்கும் கம்பெனியாகப் பாருங்கள். கார்பன், காலட், சுவிட்ச், கீழ் பேரிங் ஆகிய நான்கும்தான் போகும். கூட்டுக் கருவிக்கு யார் கார்பன் மாற்றுவது என்பதை வாங்கும் நாளிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியாக ஓட்டியவர் தலையில் விழும்.

வெட்டும்போது ஒரு விதியை மீறவே கூடாது. பிட் மரத்துக்குள் இருக்கும்போது ரூட்டரை மேலே தூக்கக்கூடாது. டவ்டெயில் பிட் அடியில் அகலம், கழுத்தில் குறுகல். தூக்கினால் வெட்டிய பல்லைப் பிய்த்துக்கொண்டு, சீப்புத் தகட்டையும் கடித்துக்கொண்டுதான் மேலே வரும். பிட்டும் ஜிக்கும் ஒரே நொடியில் போகும். பிளஞ்ச் பழகிய கைக்குத் தூக்குவது அனிச்சையாக வரும். இதையும் மனத்தில் வைத்துத்தான் பூட்டச் சொன்னேன். பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே வந்து, சுவிட்சை அணைத்து, சுற்று நின்ற பிறகு எடுங்கள். முதலில் பக்கப் பலகையின் ஓரத்தில் வலமிருந்து இடமாக லேசாக ஒரு கீறல் ஓட்டம் கொடுத்தால் மரம் சிலும்பாது. பிட் தானாக முன்னே ஓடப் பார்க்கும் திசை அது. கெட்டியாகப் பிடித்து, மயிரிழைதான் எடுக்க வேண்டும். பிறகு இடமிருந்து வலமாகச் சீப்பின் ஒவ்வொரு பல்லையும் ஒட்டி முழு வெட்டு. தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். கண்ணாடி கட்டாயம், காதுக்கும் ஏதாவது வையுங்கள்.

14 டிகிரி கொஞ்சம் முரட்டுச் சாய்வு என்பதையும் சொல்ல வேண்டும். கையால் வெட்டுகிறவர்கள் மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, கடின மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்று வைப்பார்கள். அது ஒன்பதரை டிகிரியும் ஏழு டிகிரியும். 14 என்பது நாலுக்கு ஒன்று. அரைமறைவு மூட்டில் ஆழம் குறைவு என்பதால் அந்தச் சாய்வு இல்லாமல் பிடிப்பு வராது. முழு டவ்டெயில் ஜிக்குகளில் ஏழெட்டு டிகிரி பிட் வருவதைப் பார்ப்பீர்கள். காய்ந்து நொறுங்கும் பழைய மரத்தில், இடித்த வீட்டுத் தேக்கில், 14 டிகிரி வாலின் கூர்நுனி உடைந்து விழும். அந்த மரத்துக்கு உளியை எடுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊருக்கு மட்டும் சொல்வது. டவ்டெயில் வெட்டும்போது வரும் தூள் ரம்பத்தூள் போலக் கீழே விழாது. மாவாகப் பறந்து பக்கத்து வீடு வரைக்கும் போகும். பக்கத்து வீட்டில் தறி இருந்தால், தெருவில் காலையில் பாவு நீட்டியிருந்தால், அந்தத் தூள் பட்டிழையில் உட்காரும். வெளிர் நிறப் பாவில் தேக்குத் தூள் பட்டால் என்ன ஆகும் என்று நெசவு செய்கிறவர்களைக் கேளுங்கள். தூள் உறிஞ்சும் குழாய் மாட்டும் வாய் உள்ள இயந்திரமாகப் பார்த்து, பழைய வாக்குவம் கிளீனர் ஒன்றை அதில் இணைத்துவிடுங்கள். பாவு சுருட்டிய பிறகு ஓட்டுங்கள். அவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்களும்.

பணத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை நம் மாநில அரசு அதன் வடிவத்தில் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் தொடங்கியதுதான் கலைஞர் கைவினைத் திட்டம். இருபத்தைந்து தொழில்களில் மரவேலையும் ஒன்று. 35 வயது நிரம்பியவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ஐம்பதாயிரம் ரூபாய் மானியம், வட்டியில் 5 சதவீதச் சலுகை. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. கடன் தனி ஆளுக்குத்தான், உங்கள் கூட்டுக்கு அல்ல. ஆகவே ஒருவர் பெயரில் ஜிக்கும் முதல் ரூட்டரும், இன்னொருவர் பெயரில் இரண்டாவது ரூட்டரும் உறிஞ்சும் இயந்திரமும் என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் யார் பெயரில் எது இருக்கிறது, யார் தவணை கட்டுகிறார், யாருக்கு எத்தனை நாள் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இளவட்டத் தம்பிகளுக்கு வயது பற்றாது; அவர்கள் கையில் ஓட்டும் வேலையைக் கொடுங்கள், கடனைப் பெரியவர்கள் வாங்கட்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது "ரூட்டர் 1, பிட் செட் 1" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். மாடல் எண், 8 மி.மீ. காலட் இயந்திரத்துக்கு ஒன்றோடு உபரி ஒன்று, மூன்றரை நூல் கைடு புஷ், அது பொருந்தும் அடித்தட்டு, 4 நூல் 14 டிகிரி 8 மி.மீ. தண்டு கார்பைடு பிட் மூன்று, கார்பன் இரண்டு ஜோடி என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பிட் செட் என்று மரப்பெட்டியில் முப்பது பிட் தருவார்கள். அதில் உங்களுக்கு உதவுவது நான்கு இருந்தால் அதிகம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து, கருவி பழுது பார்ப்பவன்